கேட்டுட்டு வர்றேன் சார்

போன மாதம் ஊரிலிருந்து அக்கா மகன் போன் செய்தான். சென்னையில் ஓட்டல் வேலைக்கு வரப்போகிறானாம். "மாமா, சர்வர் வேலைக்கு என்னென்ன தெரிஞ்சிருக்கணும்?" என்று கேட்டான். ஒரு மணி நேரம் பேசினேன். போனை வைத்த பிறகுதான் பாதியைச் சொல்லாமல் விட்டுவிட்டது உறைத்தது. 2018-இல் நான் இதே வேலைக்கு வந்தபோது இதையெல்லாம் எனக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. ஆறு மாதத்தில் பணத்தையும் தூக்கத்தையும் தொலைத்துத்தான் கற்றுக்கொண்டேன். அவனுக்காகவும் அவனைப் போலப் பையைத் தூக்கிக்கொண்டு சென்னையில் வந்து இறங்குகிற பிள்ளைகளுக்காகவும் முழுசாக எழுதிவைக்கிறேன்.

எனக்கு ஊர் தேனிப் பக்கம். பி.காம். கடைசிப் பரீட்சை எழுதிய மாதம் அப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரிச் செலவுக்கு வட்டிக்கு வாங்கியிருந்தோம். தெரிந்தவர் ஒருவர் சொல்லி, சைவம் அசைவம் இரண்டும் போடுகிற ஒரு ஏ.சி. ரெஸ்டாரண்டில் சேர்ந்தேன். மாதம் 9,500 ரூபாய், சாப்பாடும் தங்குமிடமும் அவர்களுடையது. மூன்றாவது மாடியில் ஒரே அறையில் 11 பேர். காலை பத்தரையிலிருந்து மூன்றரை, பிறகு சாயங்காலம் ஆறரையிலிருந்து ராத்திரி பதினொன்றரை. இடையில் கிடைக்கிற மூன்று மணி நேரத்தில் துணி துவைப்பதா தூங்குவதா என்று தினமும் யோசிக்க வேண்டும். கறுப்புப் பேன்ட்டும் ஷூவும் கைக்காசில் வாங்கினேன். முதல் நாள், சர்வர்களை மேய்க்கிற கேப்டன் அண்ணன், ஆர்டரை எழுதிக் கிச்சனுக்குக் கொடுக்கிற ஒரு கே.ஓ.டி. பேடும் பேனாவும் கொடுத்து, "ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் உன் டேபிள். சிரிச்ச முகமா இரு. யாரு என்ன கேட்டாலும் ஓகே சார்னு சொல்லு" என்றார். எனக்குக் கிடைத்த பயிற்சி மொத்தமும் அதுதான்.

அந்த "ஓகே சார்" என்னை எங்கெல்லாம் கொண்டுபோய் நிறுத்தியது என்பதுதான் இந்தக் கதை. இரண்டாம் நாளே ஒரு அம்மா, "சில்லி சிக்கன் கேக்குறான், காரம் அதிகமா இருக்குமாப்பா, ஆறு வயசுதான் ஆகுது" என்று கேட்டார். நான் அதைச் சாப்பிட்டே பார்த்ததில்லை. "இருக்காது மேடம்" என்று சொல்லிவிட்டேன். குழந்தை ஒரு வாய் வைத்துவிட்டு அழுத அழுகையில் பக்கத்து டேபிள்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. தயிர் கொண்டுவரச் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு நான் சொன்ன எதையும் அவர் நம்பவில்லை. பில்லில் ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துச் சரிபார்த்தார். ஒரு பொய் சொன்னால் அந்த டேபிளில் உங்கள் மரியாதை போய்விடும் என்று அன்றைக்கே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும். புரிந்துகொள்ளவில்லை.

கூப்பிடுகிற முறையிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் சாப்பிட வருகிறவர் முதலில் கவனிப்பது அதைத்தான். எல்லாரையும் சார், மேடம் என்றால் போதும் என்று நினைத்திருந்தேன். வேட்டி கட்டி வந்த பெரியவர் ஒருவர், "தம்பி, சாரெல்லாம் வேணாம், ஐயான்னு சொல்லு" என்றார். அதிலிருந்து வயதானவர்கள் தமிழில் பேச ஆரம்பித்தால் ஐயா, அம்மா என்றுதான் சொல்கிறேன், அவர்கள் முகம் உடனே இளகும். ஆனால் யாரையும் பாட்டி, தாத்தா, ஆன்ட்டி என்று வாயில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நமக்கு அது பாசம், அவர்களுக்கு அது குத்தும். கணவன் மனைவியா, அண்ணன் தங்கையா, அலுவலகத்தில் கூட வேலை செய்கிறவர்களா என்று நாமாக முடிவு கட்டக் கூடாது. "சாருக்கு என்ன?" என்று ஆணிடம் மட்டும் பார்த்துக் கேட்பதும் தப்பு. மெனு கார்டு எல்லாருக்கும் ஒவ்வொன்று, பில் டேபிளின் நடுவில். இதை நான் கற்றது, தன் சம்பளத்தில் அப்பாவைக் கூட்டிவந்திருந்த ஒரு பெண் பில்லை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "இன்னிக்கு நான்தான் அண்ணா கொடுக்குறேன்" என்று சொன்னபோது. அவர் அதை எவ்வளவு ஆசையாகத் திட்டமிட்டு வந்திருப்பார்! நான் பில்லை நேராக அப்பாவின் முன்னால் கொண்டுபோய் நீட்டியிருந்தேன்.

சேர்ந்த இரண்டாவது மாதம், ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி. நான்காம் டேபிளில் ஐந்து பையன்கள். நன்றாகப் பேசினார்கள், ஊர் எது என்று விசாரித்தார்கள், "ப்ரோ ப்ரோ" என்று தோளில் கை போட்டார்கள். பில் 2,760 ரூபாய். பில் ஃபோல்டரை வைத்தேன். ஒருவன் கை கழுவப் போனான், இரண்டு பேர் போன் பேசிக்கொண்டே வாசலுக்குப் போனார்கள். மிச்சமிருந்த இரண்டு பேரில் ஒருவன், "ப்ரோ, ஒரு வாட்டர் பாட்டில்" என்றான். "ஓகே சார்" என்று சொல்லி உள்ளே போய் எடுத்துக்கொண்டு திரும்பினால் டேபிளில் யாரும் இல்லை. ஃபோல்டரைத் திறந்தால் உள்ளே சோம்பு மட்டும் இருந்தது. தெருவில் இறங்கி ஓடினேன். சிக்னல் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு, ஏப்ரனோடு நடுரோட்டில் நின்றபோது வந்த அழுகையை இன்னும் மறக்கவில்லை. அடுத்த மாதச் சம்பளத்தில் 2,760 முழுசாகப் பிடித்தார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

பிடிக்கலாமா என்று அப்போது எனக்குத் தெரியாது. பிறகு தொழிற்சங்கத்தில் இருந்த ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அப்போது நடைமுறையில் இருந்த 1936-ஆம் ஆண்டு சம்பளப் பட்டுவாடாச் சட்டப்படி, தொழிலாளியின் கவனக்குறைவால் நேரடியாக ஏற்பட்ட நஷ்டத்துக்குத்தான் பிடித்தம் செய்யலாம். அதையும் அவர் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்த பிறகுதான் செய்ய வேண்டும். அந்தச் சட்டம் இப்போது 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டது, இந்தப் பாதுகாப்பு அதிலும் இருக்கிறது. சட்டத்தைக் காட்டி முதல் மாதமே முதலாளியிடம் மல்லுக்கு நிற்கச் சொல்லவில்லை. "பிடிக்கிறதா இருந்தா எதுக்குன்னு எழுதிக் கொடுங்க அண்ணே, நானும் நடந்ததை எழுதித் தர்றேன்" என்று பணிவாகக் கேளுங்கள். கேட்கிற பையனிடம் பிடிப்பதற்கு யோசிப்பார்கள். இன்னொன்று, பில் வைத்துவிட்ட டேபிளை விட்டு நகராதீர்கள். தண்ணீர் கேட்டால் பக்கத்து சர்வரிடம் சொல்லிக் கொண்டுவரச் செய்யுங்கள். கூட்டம் ஒவ்வொருவராக எழ ஆரம்பித்தால் கேப்டனுக்குக் கண்ணைக் காட்டுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. இதை எழுதவே இத்தனை வருஷம் தள்ளிப்போட்டேன். செப்டம்பர் மாதம், ராத்திரி எட்டு மணி, வெளியே பத்து குடும்பம் காத்திருந்தது. இரண்டாம் டேபிளில் வயதான ஒரு அம்மா, மகள், மருமகன், இரண்டு பேரப்பிள்ளைகள். அம்மாவின் பிறந்தநாள் என்று பேச்சிலிருந்து தெரிந்தது. மருமகனுக்கு மட்டும் சிக்கன் மன்சௌ சூப், அம்மாவுக்கும் மகளுக்கும் வெஜ் மன்சௌ. மகள் என்னிடம் தனியாக, "அம்மா சுத்த சைவம் தம்பி, முட்டைகூடத் தொட மாட்டாங்க, பாத்துக்கோங்க" என்றார். "ஓகே மேடம்" என்றேன்.

மன்சௌ சூப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இரண்டும் ஒரே பழுப்பு நிறம், கெட்டியாக இருக்கும், மேலே பொரித்த நூடுல்ஸும் வெங்காயத்தாளும் தூவியிருக்கும். மூன்று கிண்ணமும் ஒரே வெள்ளைக் கிண்ணம். சமைத்ததை வாங்கிக்கொள்கிற பிக்கப் கவுண்டரில் சமையல் மாஸ்டர், "இது ரெண்டு வெஜ், இந்த ஓரம் சிக்கன்" என்று கை காட்டினார். மூன்றையும் ஒரே ட்ரேயில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். வழியில் ஐந்தாம் டேபிள்காரர், "அரை மணி நேரமா தண்ணி கேக்குறேன்" என்று சத்தம் போட்டார். ட்ரேயை, ஹால் ஓரத்தில் சாமான் வைக்கிற சைடு ஸ்டேஷனில் வைத்துவிட்டு ஜக்கை எடுத்து ஊற்றினேன். அதற்குள் யாரோ பீங்கான் தட்டுகளை அங்கே வைக்க ட்ரேயைத் திருப்பி நகர்த்தியிருக்கிறார்கள். திரும்பி வந்து பார்க்கிறேன், எந்த ஓரம் என்று தெரியவில்லை. நெஞ்சு திக்கென்றது. கவுண்டருக்கு 20 அடி தூரம்தான். திரும்பிப் போய்க் கேட்டிருந்தால் மாஸ்டர் கத்தியிருப்பார், இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். அந்த இரண்டு நிமிஷத்துக்குப் பயந்து, இடது பக்கம்தான் சிக்கனாக இருக்கும் என்று நானே முடிவு செய்து வைத்துவிட்டு நகர்ந்தேன்.

அந்த அம்மா மூன்றாவது கரண்டியில் நிறுத்தினார். கரண்டியைச் சத்தமில்லாமல் தட்டில் வைத்தார். வாயிலிருந்ததைக் கைக்குட்டையில் எடுத்துப் பார்த்தார். வெள்ளையாக, நார் நாராக ஒரு துண்டு. யாரிடமும் எதுவும் சொல்லாமல் எழுந்து கை கழுவும் இடத்துக்குப் போனார். அவர் வாந்தி எடுக்கிற சத்தம் டைனிங் ஹால் வரைக்கும் கேட்டது. மகள் பின்னாலேயே ஓடினார். மருமகன் எழுந்து நின்று போட்ட சத்தத்தில் ஹால் முழுக்க ஈயாடவில்லை. மேனேஜர் வந்தார். நடந்தது என்ன என்று என்னிடம் கேட்காமலே, "புதுப் பையன் சார், நாளைக்கே அனுப்பிடுறோம்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அந்த வார்த்தையால் அவர்களுக்கு என்ன ஆறுதல் கிடைத்திருக்கும்? அந்த அம்மாவிடம் போய் ஒரு வார்த்தை, தப்பு நடந்துவிட்டது அம்மா, மன்னித்துவிடுங்கள் என்று ஓட்டல் சார்பில் யாருமே சொல்லவில்லை. நான் போய்ச் சொல்ல முயன்றேன், வாய் எழவில்லை. வெளியே போகும்போது அவரே என் எதிரில் நின்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "உனக்குத் தெரியலைன்னா கேட்டிருக்கலாமேப்பா" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

பில் 1,870 ரூபாயை என் கணக்கில் எழுதினார்கள். பத்து நாள் சம்பளம் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள், அதில் 3,166 போனது. முந்தைய 2,760, உடைந்த பீங்கானுக்குப் பிடித்த 640 எல்லாம் சேர்த்தால் 8,436 ரூபாய், ஏறக்குறைய என் ஒரு மாதச் சம்பளம். ஊரில் வட்டி கட்ட அம்மா தோட்டைக் கொண்டுபோய் அடகு வைத்தாள். பத்து நாளும் வீட்டில் யாரிடமும் காரணம் சொல்லவில்லை, லீவு என்று சொன்னேன். ராத்திரி படுத்தால் அந்த அம்மாவின் முகம்தான். வாழ்நாள் முழுக்கக் காத்துவந்த ஒன்றை, பிறந்தநாள் அன்றைக்கு, என் இரண்டு நிமிஷச் சோம்பலால் இழந்தார். பணத்தைத் திருப்பித் தரலாம், இதை யார் திருப்பித் தர முடியும்?

திரும்பிப் போனதும் முதல் வேலையாக ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். சைனீஸ் மாஸ்டர் டார்ஜிலிங்காரர், பார்க்க முரடாக இருப்பார். மதிய பிரேக்கில் டீ வாங்கிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு ஐட்டத்திலும் என்ன சேருகிறது என்று கேட்டேன். பாதி இந்தி, பாதி கைஜாடை. அப்போதுதான் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. கோபி மஞ்சூரியன் மாவில் சில கிச்சன்களில் முட்டை சேர்ப்பார்கள். காய்கறி ஸ்டிர் ஃப்ரையில் ஆய்ஸ்டர் சாஸ் விழும், அது சிப்பியிலிருந்து வருவது. வூஸ்டர் சாஸில் பொதுவாக நெத்திலி மாதிரி ஒரு மீன் உண்டு. வெஜ் சூப்புக்கே சிக்கன் பவுடர் போடுகிற இடங்கள் இருக்கின்றன. மீன் பொரித்த எண்ணெயிலேயே பிரெஞ்சு ஃப்ரைஸ் போடுவதும் நடக்கும். பனீர் பட்டர் மசாலா, நவரத்ன குருமா போன்ற வெள்ளை, ஆரஞ்சு கிரேவிகளில் முந்திரி அரைத்துச் சேர்த்திருப்பார்கள், கூடவே வெள்ளரி, தர்பூசணி விதையும். எல்லாவற்றையும் தமிழில் எழுதிவைத்தேன். இதை உங்கள் ஓட்டலில் முதல் வாரமே செய்யுங்கள். நான் எழுதியதை அப்படியே நம்ப வேண்டாம், கிச்சனுக்குக் கிச்சன் மாறும், மாஸ்டர் மாறினால் செய்முறையும் மாறும்.

அந்த நோட்டு ஒரே மாதத்தில் பலன் தந்தது. ஒரு அப்பா, மகனுக்கு முந்திரி ஒத்துக்கொள்ளாது, பனீர் பட்டர் மசாலாவில் இருக்கிறதா என்று கேட்டார். நோட்டில் இருந்தது, ஆனாலும், "கேட்டுட்டு வர்றேன் சார்" என்று உள்ளே போய் உறுதிசெய்துகொண்டு வந்து, "பேஸ் கிரேவியிலேயே முந்திரி இருக்கு சார், தால் ஃப்ரையில இல்லை, ஆனா ஒரே கிச்சன், கரண்டி மாறாம தனியா செய்யச் சொல்றேன்" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். முன்பு போன ஒரு ஓட்டலில் "இல்லை" என்று சொன்னதை நம்பிச் சாப்பிட்டு, பையனுக்கு உதடு வீங்கி மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்களாம். சாப்பிட வருகிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். அலர்ஜி இருந்தால் "பிடிக்காது" என்று சொல்லாதீர்கள், "ஒத்துக்காது, ஆஸ்பத்திரிக்குப் போற மாதிரி ஆகும்" என்றே சொல்லுங்கள். சர்வர் கிச்சனில் அதே வார்த்தையைச் சொல்வான். பத்தோ அதற்கு மேலோ கிளைகள் உள்ள பெரிய ஓட்டல்கள் ஒவ்வாமை விவரத்தை மெனுவில் காட்ட வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி 2022 ஜூலையிலிருந்து இருக்கிறது. சிறிய ஓட்டல்களில் அந்த விவரம் தெரிந்த ஒரே ஆள் பெரும்பாலும் மாஸ்டர்தான்.

ஒரே டேபிளுக்குச் சைவமும் அசைவமும் எடுப்பதற்கு நானே ஒரு முறை வகுத்துக்கொண்டேன், இன்றைக்கு வரைக்கும் அதை மீறியதில்லை. சைவத்தையும் அசைவத்தையும் ஒரே ட்ரேயில் எடுக்க மாட்டேன். முதல் நடையில் சைவம், அதை வைத்த பிறகு அடுத்த நடை. எடுக்கும்போது மாஸ்டர் வாயால் பெயரைச் சொல்ல வேண்டும், நான் திருப்பிச் சொல்ல வேண்டும். டேபிளில் வைக்கும்போது, "வெஜ் மன்சௌ, அம்மா" என்று அவர் காதில் விழும்படி சொல்லி வைக்க வேண்டும். வழியில் ட்ரேயைக் கீழே வைத்தால் அது என்னைப் பொறுத்தவரை யாருடையதோ ஆகிவிட்ட ட்ரே, கிச்சனுக்கே திரும்பிப் போகும். ஆர்டர் எடுக்கும்போது வாசலுக்கு அருகில் இருக்கிற நாற்காலியை ஒன்று என்று வைத்து, கடிகாரம் சுற்றுகிற திசையில் எண் போட்டு, கே.ஓ.டி. ஓரத்தில் எழுதிக்கொள்வேன். இதனால் இன்னொரு நன்மை. "சிக்கன் யாருக்கு? நூடுல்ஸ் யாருக்கு?" என்று ஏலம் விட வேண்டியதில்லை. பேசிக்கொண்டிருக்கிறவர்கள் பேச்சை நிறுத்தாமலே அவரவர் தட்டு அவரவர் முன்னால் வந்துவிடும். அது அவர்களுக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதை முகத்திலேயே பார்க்கலாம். கடைசியாக, ஆர்டர் முழுவதையும் ஒரு தடவை வாசித்துக்காட்டாமல் டேபிளை விட்டு நகரக் கூடாது.

புரட்டாசி சனிக்கிழமை, கார்த்திகையில் மாலை போட்டவர்கள், அமாவாசை, ஏகாதசி, கிருத்திகை எல்லாம் நாள்காட்டியில் பார்த்து வையுங்கள். நேற்று வரைக்கும் மட்டன் சாப்பிட்ட அதே வாடிக்கையாளர் இன்றைக்கு வெங்காயம்கூட வேண்டாம் என்பார். ஜைனர்கள் வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு எதுவும் இல்லாமல் கேட்பார்கள். முகம் சுளிக்காமல், முடியுமா முடியாதா என்று கேட்டுவந்து சொன்னால் போதும். முடியாது என்றால்கூட அவர்கள் வருத்தப்படுவதில்லை.

தாமதமும் அப்படித்தான். முன்பெல்லாம் சாப்பாடு வரத் தாமதமானால் அந்த டேபிள் பக்கமே போகாமல் தூணுக்குப் பின்னால் நிற்பேன். கூப்பிட்டால், "ரெண்டு நிமிஷம் சார்" என்பேன். இருபது நிமிஷம் ஆகும். பசியோடு இருப்பவருக்கு அது எவ்வளவு பெரிய அவமதிப்பு! இப்போது அவர்கள் கூப்பிடும் முன் நானே போகிறேன். "தந்தூர்ல ஆர்டர் அதிகம் சார், இன்னும் 20 நிமிஷம் ஆகும், அதுவரைக்கும் குழந்தைக்கு மட்டும் ஏதாவது முதல்ல எடுத்துட்டு வரட்டுமா?" நேரத்தைக் கொஞ்சம் கூட்டியே சொல்ல வேண்டும், அதற்கு முன்னால் வந்தால் சந்தோஷப்படுவார்கள். தப்பு நடந்துவிட்டால், முதலில் தட்டை எடுத்துவிட்டு மன்னிப்புக் கேளுங்கள், அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள், எத்தனை நிமிஷத்தில் என்று சொல்லுங்கள். இலவச ஐஸ்கிரீம் அதற்குப் பிறகு. கிச்சன் மேல் பழி போடாதீர்கள். சாப்பிடுகிறவருக்கு நீங்கள்தான் ஓட்டல்.

ஞாயிறு மதியம் எங்கள் ஓட்டலில் வாழை இலைச் சாப்பாடும் உண்டு. அதில் எனக்குக் குரு, தனியாகச் சாப்பிட வரும் ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார். இலையைத் திருப்பிப் போட்டிருந்தேன். "நுனி இடது கைப்பக்கம் வரணும் தம்பி, அகலமான பக்கம் வலது கைக்கு. சோறு பிசையிற இடம் அதுதானே?" என்று தன் கையாலேயே திருப்பிக் காட்டினார். கரண்டி இலையைத் தொடக் கூடாது, சாம்பாரை உயரத்திலிருந்து ஊற்றிச் சட்டையில் தெறிக்கவிடக் கூடாது, கையை இலைக்கு மேல் குவித்துக் காட்டினால் போதும் என்று அர்த்தம், அதற்கு மேல் ஒரு பருக்கை வைக்கக் கூடாது. ரசத்துக்குச் சோறு வேண்டுமா என்பதை ரச வாளியோடு வருவதற்கு முன்னால் கேட்க வேண்டும். அவர் எழுந்திருக்கும் வரை இலையில் கை வைக்கக் கூடாது. மெதுவாகச் சாப்பிடுகிறவர் பக்கத்தில் நின்று இலையையே பார்ப்பதைப் போல அவரை விரட்டுவது வேறில்லை. இதே கண்தான் ஏ.சி. ஹாலிலும் வேண்டும். எல்லாரும் முடிக்கும் முன் ஒருவர் தட்டை மட்டும் எடுத்தால், மிச்சமிருப்பவர் அவசரமாக விழுங்குவார்.

பணம் பற்றி. மீதிச் சில்லறையைக் கடைசி ரூபாய் வரைக்கும் முழுசாகக் கொண்டுபோய் வையுங்கள். "சேஞ்ச் வேணுமா சார்?" என்று கேட்காதீர்கள், அது கை நீட்டுவது போல. டிப்ஸ் வைப்பதும் வைக்காததும் அவர் விருப்பம், வைக்காதவரையும் அதே முகத்தோடு வழியனுப்புங்கள். பிறகு நான் வேலை செய்த வேறொரு இடத்தில் பில்லிலேயே சர்வீஸ் சார்ஜ் போட்டார்கள். அதற்கான சண்டை முழுவதும் சர்வர் தலையில்தான் விழும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று, சர்வீஸ் சார்ஜைக் கட்டாயமாக, தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. அதை எதிர்த்து ஓட்டல் சங்கங்கள் டெல்லி உயர்நீதிமன்றம் போனார்கள், 2025 மார்ச் 28 அன்று அந்த வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. ஆகவே வாடிக்கையாளர் எடுக்கச் சொன்னால் வாதம் செய்யாமல், "கேப்டனைக் கூப்பிடுறேன் சார்" என்று சொல்லி நகருங்கள். எடுக்க மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யும் உரிமை அவருக்கு உண்டு. அந்தச் சார்ஜ் உங்கள் கைக்கு வருகிறது என்று நினைத்துத்தான் பலர் மறுபேச்சில்லாமல் கொடுக்கிறார்கள். நான் இருந்த இடத்தில் எங்கள் கைக்கு வந்ததே இல்லை. ஜி.எஸ்.டி. வேறு, அது வரி, அதை எடுக்க முடியாது. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தாலே பாதிச் சண்டை குறையும்.

விரல் சொடுக்கிக் கூப்பிடுகிறவர்கள், "டேய்" என்கிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். எனக்கு அது இன்றைக்கும் வலிக்கிறது, பழகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். "சொல்லுங்க சார்" என்று போய் நின்று வேலையைச் செய்வேன். கை வைத்தாலோ, அம்மாவை இழுத்துப் பேசினாலோ டேபிளை விட்டு விலகி கேப்டனிடம் சொல்லிவிடுவேன். அந்த இடத்தில் உங்களுக்காக முன்னால் வந்து நிற்காத கேப்டனிடம் அதிக நாள் இருக்காதீர்கள்.

வேலையில் சேரும் முன் நான்கு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள்: வேலைக்குச் சேர்ந்ததற்குக் கடிதம் உண்டா, பீங்கான் உடைந்தால் யார் பொறுப்பு, பணம் கொடுக்காமல் போனவர் பில்லை யார் தலையில் கட்டுவார்கள், டிப்ஸை எப்படிப் பிரிக்கிறார்கள். பதில் சொல்லத் தயங்கினால் அதுவே பதில். கூடவே ஒரு நாள் மதியம் மூன்றரை மணி வாக்கில் அந்த ஓட்டலின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். சர்வர்கள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், தட்டில் என்ன இருக்கிறது, எத்தனை பேர் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். நான் முதலில் சேர்ந்த இடத்தில் நாங்கள் நான்கரைக்கு, பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே சாப்பிட்டோம். இப்போது கேப்டனாக இருக்கிற இடத்தில் மூன்றேமுக்காலுக்கு எட்டாம் டேபிளில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். அக்கா மகனை அங்கேதான் வரச் சொல்லியிருக்கிறேன்.